எம்இபி-803ஏ: ராணுவம் ஏலத்தில் விட்ட 10 கிலோவாட் டீசல் ஜெனரேட்டரை வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கத் தெரியும், சுமார் 1,200 பவுண்டு எடையை இறக்கி வைக்க இடமும் வழியும் இருக்கிறது என்றால் எம்இபி-803ஏ வாங்குங்கள். அந்த விலைக்கு இதைவிட உறுதியான ஜெனரேட்டர் அமெரிக்காவில் கிடைக்காது. பட்டனைத் தட்டினால் ஓட வேண்டும், மற்றதை யாராவது வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். மெஷினும் பாவம், நீங்களும் பாவம்.

ஹூஸ்டனுக்கு மேற்கே ஊர் எல்லை தாண்டிய பக்கத்தில் இருக்கிறோம். போர்வெல் மோட்டார் ஓடவில்லை என்றால் குழாயில் தண்ணீர் கிடையாது. 2021 பிப்ரவரி பனிப்புயலில் டெக்சாஸ் முழுக்க 45 லட்சம் வீடுகள், கடைகள் வரை இருண்டு கிடந்தன. 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் கரை கடந்தபோது இந்த வட்டாரத்தில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் போயின, அதுவும் ஜூலை வெயிலில். அதற்குப் பிறகு நம் தமிழ் நண்பர்கள் பலர் ஜெனரேட்டர் பற்றி விசாரிக்கிறார்கள், ஏல இணையதளங்களில் பச்சைப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பி "இது எப்படி?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். பழைய தலைமுறை எம்இபி-002ஏ, 003ஏ இரண்டும் காற்றால் குளிரும் எஞ்சின்கள், காது கிழியும் சத்தம். அவற்றுக்குப் பதிலாக வந்த வரிசைதான் டிக்யூஜி, அதாவது டாக்டிக்கல் கொயட் ஜெனரேட்டர். அதில் 802ஏ என்பது 5 கிலோவாட், 803ஏ என்பது 10 கிலோவாட். 2010-களில் கம்மின்ஸ் தயாரித்த ஆம்ப்ஸ் (AMMPS) என்ற புதிய ஜெனரேட்டர் வரிசை படைகளுக்குப் போகத் தொடங்கியதும் டிக்யூஜிகள் கொத்துக் கொத்தாக உபரியாகி, அமெரிக்க ராணுவத்தின் தளவாட அமைப்பான டிஃபென்ஸ் லாஜிஸ்டிக்ஸ் ஏஜென்சி வழியாக ஏலத்துக்கு வந்தன. கெட்டுப்போய் விற்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நிறைய பெட்டிகள் வெறுமனே வரிசை மாறியதால் வெளியே வந்தவை.

உள்ளே இருப்பது நான்கு சிலிண்டர், தண்ணீரால் குளிரும், டர்போ இல்லாத 1.86 லிட்டர் டீசல் எஞ்சின். கையேடு இதை ஓனன் டிஎன்4எம் என்று சொல்லும், அடிப்படையில் இது இங்கிலாந்தின் லிஸ்டர் பெட்டர் எல்பிடபிள்யூ4. உதிரிபாகம் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள், பல பாகங்கள் லிஸ்டர் பெட்டர் பெயரில் சுலபமாகக் கிடைக்கும். நம் ஊர்ப் பக்கம் வயல்களில் ஓடிய, ராஜ்கோட்டில் இன்னமும் செய்கிற "லிஸ்டர் டைப்" ஆயில் எஞ்சின்களுக்கு மூலமான அதே லிஸ்டர் கம்பெனியின் வாரிசுதான் இது, ஆனால் எஞ்சின் முற்றிலும் வேறு, நவீனமானது.

ஓடும் வேகம் நிமிடத்துக்கு 1800 சுற்று. என்னைப் பொறுத்தவரை இந்த மெஷினின் மதிப்பே இதில்தான் இருக்கிறது. பெரிய கடைகளில் விற்கும் பெட்ரோல் போர்ட்டபிள்களும், வீட்டுச் சுவரோரம் வைக்கும் காற்றால் குளிரும் கேஸ் ஜெனரேட்டர்கள் பெரும்பாலானவையும் 3600-ல் கத்திக்கொண்டு ஓடுபவை. பாதி வேகத்தில் ஓடும் டீசல் எஞ்சினின் தேய்மானம் வேறு கணக்கு. சத்தமும் அப்படித்தான், 7 மீட்டர் தூரத்தில் 70 டெசிபல் என்பது ராணுவ அளவு, வீட்டுக்குள் இருந்து கேட்டால் தொந்தரவாகத் தெரிவதில்லை.

மின்சாரப் பக்கம்: பேனலில் இருக்கும் ரீகனெக்ஷன் சுவிட்சைத் திருப்பினால் 120 வோல்ட் ஒரு ஃபேஸ், 120/240 வோல்ட் ஒரு ஃபேஸ், 120/208 வோல்ட் மூன்று ஃபேஸ் என்று மூன்று விதமாகவும் கொடுக்கும். அமெரிக்க வீட்டுக்கு வேண்டியது நடுவில் சொன்ன 120/240. அதில் 52 ஆம்ப் வரை எடுக்கலாம். டாங்க் 9 கேலன், முழு லோடில் மணிக்கு சுமார் 0.97 கேலன் குடிக்கும், ஆக ஒரு டாங்க் முழு லோடில் ஒன்பது மணி நேரம் வரும். ஒரு நாள் முழுக்க முழு லோடில் ஓட்டினால் 23 கேலன். இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், புயலுக்கு மறுநாள் பெட்ரோல் பங்க்குகளிலும் கரண்ட் இருக்காது. சாலை வரி இல்லாத சிவப்புச் சாயம் போட்ட டீசலை ஜெனரேட்டருக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், சட்டப்படியே.

ஏலத்தில் வாங்குபவர்கள் ஒரு எழுத்தும் விடாமல் தகட்டைப் படிக்க வேண்டும். எம்இபி-813ஏ என்று ஒன்று இருக்கிறது, வெளியே பார்த்தால் 803ஏ மாதிரியே இருக்கும், அதே எஞ்சின், அதே பெட்டி. ஆனால் அது 400 ஹெர்ட்ஸ். விமான, ராடார் சாதனங்களுக்கானது, வீட்டுக்கு ஆகவே ஆகாது. 5 கிலோவாட்டில் 812ஏவும் அப்படித்தான். விலை மலிவாக இருக்கிறதே என்று பாய்ந்து வாங்கிவிட்டு உதிரிபாகத்துக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மணிக்கணக்கு மீட்டரை நம்பி மட்டும் விலை போடாதீர்கள். ராணுவப் பழுதுபார்க்கும் டிப்போவில் மறுசீரமைப்பு செய்திருந்தால் அதற்கான தகடு தனியாக அடித்திருக்கும், மீட்டர் மாற்றியிருக்கலாம். நேரில் பார்க்க முடிந்தால் நான் பார்ப்பது இவைதான்: ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கூலன்ட் சுத்தமாக இருக்கிறதா, எண்ணெய் மிதக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளுத்துப் பால் மாதிரி இருக்கிறதா, ஆயில் அளவு குறிக்கு மேலே ஏறி டீசல் வாசனை அடிக்கிறதா, கண்ட்ரோல் பெட்டிக் கதவைத் திறந்தால் எலிக்கூடு, கடித்த ஒயர், சைலன்சர் வாயில் கறுப்பாகப் பிசுபிசுப்பு வழிந்திருக்கிறதா. கடைசியாகச் சொன்னதைப் பற்றி கீழே விரிவாகச் சொல்கிறேன். அப்புறம் பெயின்ட். இது சிஏஆர்சி எனப்படும் ரசாயனத் தாக்குதலைத் தாங்கும் பூச்சு. அழகாக்குகிறேன் என்று உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்க விடாதீர்கள், அடிப்பூச்சில் குரோமியம் இருக்கக்கூடும், நுரையீரலுக்கு நல்லதல்ல.

கையேடு இல்லாமல் இந்த மெஷினைத் தொடவே கூடாது. ஓட்டுபவருக்கு டிஎம் (டெக்னிக்கல் மேனுவல்) 9-6115-642-10, பழுதுபார்ப்பவருக்கு அதே எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் 24. இரண்டும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் எந்தக் கம்பெனி ஜெனரேட்டருக்கும் இவ்வளவு நல்ல கையேடு பார்த்ததில்லை. எந்த அறிகுறிக்கு எந்த ஒயரில் எந்த இரண்டு முனைகளுக்கு இடையே எவ்வளவு வோல்ட் இருக்க வேண்டும் என்று படிப்படியாக வரும், கடைசியில் விரித்துப் பார்க்கும் வயரிங் படம் இருக்கும். அந்தப் படத்தை மட்டும் பெரிய தாளில் அச்சடித்து மெஷின் கதவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பழுது பார்ப்பது பற்றி நான் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி, சுவிட்சுகளைப் பற்றித் தெரியாததால் வருபவை.

செல்ஃப் சுற்றவே இல்லை என்பார்கள். பேட்டரியைக் குறை சொல்லும் முன் கண்ட்ரோல் பெட்டிக்குள் இருக்கும் டெட் கிராங்க் சுவிட்ச் நார்மலில் இருக்கிறதா பாருங்கள், யாராவது ஆஃபில் விட்டிருந்தால் மெஷின் செத்தது போல் கிடக்கும். அவசர நிறுத்தப் பட்டன் உள்ளே அமுங்கியே இருக்கலாம். டிசி கண்ட்ரோல் பிரேக்கர் வெளியே தள்ளியிருக்கலாம். இது மூன்றும் சரி என்றால் பேட்டரிக்கு வாருங்கள். இது 24 வோல்ட் அமைப்பு, இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக. இரண்டும் ஒரே வயது, ஒரே மாடலாக இருக்க வேண்டும், ஒன்று புதிது ஒன்று பழையது என்று போட்டால் பழையது புதியதையும் கெடுக்கும். செல்ஃப் சுற்றும்போது ஒவ்வொரு பேட்டரியிலும் தனித்தனியாக வோல்ட் அளந்தால் எது படுக்கிறது என்று அந்த நொடியே தெரிந்துவிடும். முனைகளை மாற்றிப் போட்டுவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் போகும், எனவே ஒயரில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

அதே டெட் கிராங்க் சுவிட்ச் ஒரு வரமும்கூட. அதைக் கிராங்க் பக்கம் வைத்தால் எரிபொருள் போகாமல் எஞ்சின் மட்டும் சுற்றும். வருடக்கணக்கில் நின்ற மெஷினில் முதல் முறை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஆயில் மாற்றிவிட்டு, இப்படி விட்டு விட்டுச் சுற்றி ஆயில் பிரஷர் முள் அசையும்வரை பார்த்துவிட்டுத்தான் டீசல் காட்ட வேண்டும். ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள், செல்ஃப் மோட்டார் சூடாகிவிடும்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. மாஸ்டர் சுவிட்சை பிரைம் அண்ட் ரன்னில் வைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள். எரிபொருள் பம்ப் டக் டக் என்று அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் பம்புக்கு 24 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் அடிக்கவில்லை என்றால் பம்ப் போய்விட்டது, மாற்றுவது அரை மணி நேர வேலை. அடிக்கிறது ஆனால் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் ஏர். பழைய டீசல் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே விரிசல் விட்டு ஏர் எடுக்கும். வாங்கியவுடன் எல்லா எரிபொருள் ஹோஸையும், கிளாம்பையும், ஃபில்டரையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். டாங்கைக் கழற்றி அடியில் இருப்பதை வெளியே கொட்டிக் கழுவுங்கள், கறுப்புச் சளி போல ஒன்று வரும், டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே வளரும் கிருமிக் கூட்டம் அது. இதைச் செய்யாமல் மேலே மேலே ஃபில்டர் மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு.

இதெல்லாம் சரியாகியும் எஞ்சின் மூன்று சிலிண்டரில் நடுங்கி நடுங்கி ஓடினால், அதுதான் இந்த எஞ்சினுக்கே உரிய வியாதி. எல்பிடபிள்யூவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்ஷன் பம்ப். பழைய டீசல் உள்ளேயே காய்ந்து கோந்து போலாகி பம்பின் உள் பாகம் ஒட்டிக்கொள்ளும். எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது எளிது: எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு பம்பிலிருந்தும் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டை ஒரு பொடி அளவு தளர்த்துங்கள், ஓட்டம் மாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது, மாறவே இல்லை என்றால் அதுதான் செத்த சிலிண்டர். கண்ணாடியும் தடிமனான கையுறையும் கட்டாயம், அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது ஆஸ்பத்திரிக் கேஸ். லேசாக ஒட்டிய பம்ப்கள் நல்ல டீசலோடு சுத்திகரிப்பு ஆடிட்டிவ் கலந்து லோடில் ஓட்டினாலே விட்டுக்கொடுக்கும். விடாதவற்றைக் கழற்றி டீசல் பம்ப் பட்டறையில் கொடுங்கள். சுத்தியலால் தட்டி விடுவிக்கும் வேலை வேண்டவே வேண்டாம், அவை மைக்ரான் கணக்கில் பொருந்தியவை.

எஞ்சின் பிடித்தது, கையை எடுத்ததும் நின்றுவிட்டது, அல்லது ஓடுகிறது ஆனால் வோல்ட் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறது. இரண்டுக்குமே முதல் காரணம் ஒன்றுதான், ஸ்டார்ட் சுவிட்சைச் சீக்கிரம் விட்டுவிடுவது. கார் ஓட்டிப் பழகிய கை எஞ்சின் சத்தம் வந்ததும் தானாக விட்டுவிடும். இதில் அப்படி விடக்கூடாது. ஆயில் பிரஷர் ஏறி, வோல்ட் மீட்டர் எழும்வரை பிடித்தே இருக்க வேண்டும். செல்ஃப் தானாக விலகிக்கொள்ளும், பயப்பட வேண்டாம். அந்தக் கூடுதல் நொடிகளில்தான் பேட்டரியிலிருந்து ஃபீல்டு சுருளுக்குக் கரண்ட் போய் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்கிறது.

சரியாகப் பிடித்தும் மீட்டர் எழவில்லை என்றால் ஏவிஆரை (வோல்ட்டைச் சீராக வைக்கும் எலக்ட்ரானிக் பாகம்) வாங்க ஓடாதீர்கள். பேனலில் மீட்டர் எந்த முனைகளைக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் தனியாக இருக்கிறது, அது ரீகனெக்ஷன் சுவிட்சின் நிலைக்குப் பொருந்தாமல் இருந்தால் 240 வோல்ட் வந்துகொண்டிருக்கும்போதே மீட்டர் வேறு ஏதோ காட்டும். மல்டிமீட்டரை வைத்து வெளியீட்டு முனைகளிலேயே அளந்துவிடுங்கள். அங்கேயும் இல்லை என்றால் அப்புறம் ஃபியூஸ், வோல்ட் சரிசெய்யும் குமிழ், ஏவிஆர், ரோட்டரில் இருக்கும் டயோடுகள் என்று கையேட்டின் வரிசையில் போங்கள். முனைகளில் வோல்ட் இருக்கிறது, வீட்டுக்கு வரவில்லை என்றால் சர்க்யூட் இன்டரப்டர் சுவிட்சைக் குளோஸ் பக்கம் தள்ளினீர்களா என்று பாருங்கள், உள்ளே ஒரு கான்டாக்டர் "டக்" என்று விழும் சத்தம் கேட்க வேண்டும். அது விழுந்து உடனே எகிறினால் பழுது காட்டும் பேனலில் எந்த விளக்கு எரிகிறது என்று பாருங்கள், அந்த விளக்குகள் பொய் சொல்வது அபூர்வம்.

பாட்டில் ஷார்ட் என்று மூடி போட்ட ஒரு சுவிட்ச் இருக்கும். போர்க்களத்தில் எஞ்சின் நாசமானாலும் கரண்ட் நிற்கக்கூடாது என்பதற்காக ஆயில் பிரஷர், சூடு போன்ற பாதுகாப்புகளை மீறி ஓட வைப்பது. வீட்டில் அதற்கு எந்த வேலையும் இல்லை. எஞ்சின் தானாக நிற்கிறதே என்று அதைப் போட்டுவிட்டு ஓட்டுபவர்கள் நல்ல எஞ்சினைக் கொல்கிறார்கள்.

ஃபிரீக்வென்ஸி பற்றியும் பதற்றம் வேண்டாம். இதில் மெக்கானிக்கல் கவர்னர், லோடு ஏற ஏற வேகம் கொஞ்சம் இறங்கும், அது அதன் இயல்பு. லோடு இல்லாதபோது 61.5 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்தால் முழு லோடில் 60-க்கு அருகே நிற்கும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரின் கடிகாரத் துல்லியத்தை இதில் எதிர்பார்த்து குறை சொல்வது நியாயமில்லை, ஃபிரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் ஏசிக்கும் இது போதும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த ஜெனரேட்டர் ஓடிக் கெட்டுப்போவதில்லை. சும்மா நின்றும், லோடு இல்லாமல் ஓடியும்தான் கெட்டுப்போகிறது.

ராணுவத்தில் பெரும்பாலும் ஒரு கூடாரத்துக்கு நாலு விளக்கு, ரேடியோ, லேப்டாப் என்று 10 கிலோவாட் மெஷினை ஒரு கிலோவாட்டில் நாள்கணக்காக ஓட்டியிருப்பார்கள். வாங்கிய நாமும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் லோடே இல்லாமல் ஓட்டிவிட்டு, "நன்றாக ஓடுகிறது" என்று கதவைச் சாத்துகிறோம். டீசல் எஞ்சின் லோடு இல்லாமல் ஓடும்போது சிலிண்டர் போதிய சூட்டுக்கு வருவதில்லை, டீசல் முழுதாக எரிவதில்லை. எரியாத டீசலும் கரியும் சேர்ந்து சைலன்சர் வழியாகக் கறுப்பு எண்ணெயாக வழியும், ரிங்குகள் ஒட்டும், இன்ஜெக்டர் நுனியில் கரி படியும், ஆயிலில் டீசல் கலக்கும். இதைத்தான் வெட் ஸ்டாக்கிங் என்கிறார்கள். ஏலத்தில் பார்க்கும்போது சைலன்சர் வாயைப் பாருங்கள் என்று சொன்னது இதற்காக.

நல்ல செய்தி, ஆரம்ப நிலையில் இது முழுதாகக் குணமாகும். மருந்து லோடுதான். பேனலில் லோடு சதவீதமாகக் காட்டும் மீட்டர் இருக்கிறது, அதை 75-லிருந்து 100-க்குள் வைத்து சில மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். முதலில் புகை மண்டலமாக வரும், சைலன்சரிலிருந்து கரித்துண்டுகள்கூடப் பறக்கலாம், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். பிறகு மெல்ல மெல்லப் புகை தெளியும், ஓட்டமே மாறிவிடும், சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடலாம். லோடுக்கு என்ன செய்வது? வாட்டர் ஹீட்டரில் போடும் 240 வோல்ட், 4,500 வாட் எலிமென்ட் கடையில் கிடைக்கும். இரண்டை ஒரு இரும்பு டிரம்மில் மாட்டி, எர்த் சரியாகக் கொடுத்து, தண்ணீர் நிரப்பி ஓட்டினால் 9 கிலோவாட் லோடு தயார். அதுவும் வேண்டாம் என்றால் வீட்டையே ஜெனரேட்டருக்கு மாற்றி டிரையர், அவன், ஏசி எல்லாவற்றையும் ஒன்றாக ஓட விடுங்கள்.

ஆஸ்பத்திரி போன்ற இடங்களின் அவசர ஜெனரேட்டர்களுக்கான என்எஃப்பிஏ 110 விதி, மாதம் ஒருமுறை குறைந்தது 30 சதவீத லோடில் 30 நிமிடம் ஓட்டச் சொல்கிறது. வீட்டுக்கு அந்த விதி கட்டாயமில்லை என்றாலும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் 50 சதவீதத்துக்கு மேல். லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டுவதைவிட அந்த மாதம் ஓட்டாமலே இருப்பது மேல் என்பேன்.

நிற்கும் காலத்துக்கு: பேட்டரிக்கு எப்போதும் ஒரு மெயின்டெய்னர் சார்ஜர், 24 வோல்ட் ஒன்று அல்லது 12 வோல்ட் இரண்டு. மெஷின் ஓடும்போது பேட்டரிக் கூட்டத்தின் மேல் 28 வோல்ட் அளவுக்கு வரவில்லை என்றால் சார்ஜிங் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பாருங்கள். டாங்கை நிறைத்தே வையுங்கள், காலி இடம் இருந்தால் ஈரம் படியும். கிருமிக்கொல்லி மருந்து கலந்த டீசல், ஃபில்டர் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீர் வடிப்பது, வருடம் ஒருமுறை 15டபிள்யூ-40 ஆயில். ரேடியேட்டர் ஹோஸ்களை அழுத்திப் பார்த்து மொறுமொறுப்பாக இருந்தால் மாற்றுங்கள். இங்கே குளவிகள் சைலன்சர் வாயிலும் சின்னச் சின்ன ஓட்டைகளிலும் மண்கூடு கட்டும், கோடையில் அடிக்கடி பார்க்க வேண்டும். 2021 போன்ற குளிர் வந்தால் சாதாரண 2ஆம் எண் டீசல் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கும், அதற்கான ஆடிட்டிவை குளிர் வருவதற்கு முன்பே கலந்தால்தான் பலன், கட்டிய பிறகு ஊற்றி லாபமில்லை.

வீட்டோடு இணைப்பதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வெளி லைனும் ஜெனரேட்டரும் ஒன்றாகச் சேராமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் அல்லது இன்டர்லாக் இல்லாமல் டிரையர் பிளக் வழியாக வீட்டுக்குள் கரண்டைத் தள்ளுவது, கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரைக் கொல்லும் வேலை. அவரிடம் மறக்காமல் இன்னொன்றும் சொல்லுங்கள்: இந்த மெஷினின் வெளியீட்டுப் பலகையில் எல்0 என்ற நியூட்ரல் முனையும் எர்த்தும் ஒரு இணைப்புத் துண்டால் சேர்க்கப்பட்டிருக்கும். உங்கள் வீட்டு அமைப்பு நியூட்ரலைத் துண்டிக்காத வகை என்றால், நியூட்ரலும் எர்த்தும் வீட்டு மெயின் போர்டிலேயே ஏற்கெனவே சேர்ந்திருக்கும், ஆகவே மெஷினில் உள்ள இணைப்பை எடுத்துவிட வேண்டும். ராணுவப் பெட்டிகளைப் பார்த்திராத எலக்ட்ரீஷியன் இதைக் கவனிக்காமல் விடலாம். வைக்கும் இடம் எப்போதும் திறந்த வெளி. கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் கராஜ் கராஜ்தான். 2021-ல் குளிரில் தப்பிக்க ஜெனரேட்டரையும் காரையும் வீட்டோரமாக ஓட்டி கார்பன் மோனாக்சைடில் போன உயிர்கள் டெக்சாஸில் இருக்கின்றன.

பெரிலின்போது எங்கள் வீட்டில் போர்வெல் மோட்டார், ஃபிரிட்ஜ், ஃபிரீசர், ஒரு ஏசி எல்லாம் இதில் ஓடின. ஏசிக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறேன், அதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன், கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் விளக்குகள் மங்குவது நின்றுவிடும். இரவிலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. அந்த வெக்கையில் வயதானவர்கள் வீட்டில் இருக்கும்போது அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. எடைதான் முதல் குறை, டிரெய்லரும் ஃபோர்க் போட்ட டிராக்டரும் இல்லாமல் நகர்த்த முடியாது. கரண்ட் போனதும் தானாக ஸ்டார்ட் ஆகாது, நீங்கள் போய்த்தான் திருப்ப வேண்டும், ஊரில் இல்லாதபோது வீட்டில் இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். சில கண்ட்ரோல் பாகங்கள் உபரிச் சந்தையில் மட்டுமே கிடைக்கின்றன, வரவர விலை ஏறுகிறது. சிறிய வீடு, கேஸ் அடுப்பு, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு ஜன்னல் ஏசி என்றால் 803ஏ உங்களுக்குப் பெரிது, எப்போதும் குறைந்த லோடில் ஓடிக் கரி கட்டும். 802ஏ பாருங்கள், அதே குடும்பத்தின் இரண்டு சிலிண்டர் மெஷின், மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் புயல் சீசன் ஜூன் 1-ல் தொடங்குவதற்கு முன் இவற்றை அலமாரியில் வைத்துவிடுங்கள்: எரிபொருள் பம்ப் ஒன்று, எரிபொருள் ஃபில்டர்கள் இரண்டு செட், ஆயில் ஃபில்டர், பெல்ட், ஃபியூஸ்கள், எரிபொருள் ஹோஸ் சில அடி, கிளாம்புகள். வசதி இருந்தால் ஒரு ஏவிஆர். புயல் வந்த வாரத்தில் எந்தக் கூரியரும் உங்கள் தெருவுக்குள் வராது.